ஏழரைக் கோல்

ஒரு சுவருக்கு ஒரு வாளி, ஒரு கை. அம்மாவின் சட்டம் இது. யார் வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் இதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டாள்.

கிளேஸ் என்பது பெயின்ட் மாதிரி மறைக்கிற சாமான் இல்லை. அடியில் அடித்திருக்கும் நிறம் மேலே தெரிய வேண்டும், ஆனால் அப்படியே தெரியக் கூடாது. நிறமே இல்லாத கிளேஸில் சொட்டுச் சொட்டாக ஸ்டெய்னர் என்கிற சாயத்தை விட்டுக் கலக்குவோம். ஒருத்தி உருளையால் தடவிக்கொண்டே போவாள். பின்னாலேயே இன்னொருத்தி ஈரத் துணியைப் பந்தாகக் கசக்கி ஒற்றி ஒற்றி எடுத்துக்கொண்டு வருவாள். சரியாக வந்தால் சுவர் கல் மாதிரியும் இருக்கும், மேகம் மாதிரியும் இருக்கும். தப்பாக வந்தால் ஈரம் ஊறின சுவர் மாதிரி இருக்கும். நடுவில் நிறுத்தினால் தடவின ஓரம் காய்ந்து கோடு விழுந்துவிடும். அந்த ஓரத்துக்கு அம்மா வைத்த பெயர் ஈரக்கரை. ஈரக்கரை காய்வதற்குள் அடுத்த பட்டை வந்து சேர வேண்டும். மூலை வந்தால்தான் மூச்சு விடலாம்.

இந்தச் சுவரில் மூலை இல்லை.

பல் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடம். வாசல் கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் ஒரே வளைவு, பத்தடி உயரம். வில்லின் உள்பக்கத்தில் நிற்பது போல இருக்கும். நான்கு மணிக்கு டாக்டரம்மா வந்து பார்ப்பார். பிடித்திருந்தால் மேலே இருக்கும் மூன்று மாடியும் அம்மாவுக்கு. அம்மாவுக்கு என்றால் அம்மாவுக்கே. மாமாவின் கீழே இல்லை.

இருபத்திரண்டு வருஷமாக அம்மா தன் சொந்த அண்ணனிடம் வேலை செய்கிறாள். மாமாதான் மேஸ்திரி. வேலை பிடிப்பது அவர், பேசுவது அவர், வேலை முடிந்த பிறகு சுவர் முன்னால் நின்று "நம்ம வேலை சார்" என்று சொல்வதும் அவர். துணியைப் பிடித்த கை எது என்று யாரும் கேட்டதில்லை. டாக்டரம்மாதான் கேட்டார். ஒரு நண்பர் வீட்டுப் படுக்கையறையில் அம்மா ஒற்றிக்கொண்டிருந்ததைப் பத்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, மாமாவைத் தாண்டி வந்து, "உங்க நம்பர் குடுங்க" என்றாராம். அம்மாவிடம் போன் இல்லை. என் நம்பரைக் கொடுத்திருக்கிறாள்.

எனக்கு வீட்டில் பெயர் டிகிரி. மாமா வைத்தது. எங்கள் இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பட்டம் வாங்கின முதல் ஆள் நான், அதுவும் கணக்கில். ஒன்றரை வருஷம் நேர்முகத் தேர்வுக்கு அலைந்தேன். "அனுபவம் இருக்கா?" என்று கேட்டார்கள். அனுபவம் வாங்கத்தானே வந்திருக்கிறேன் என்று ஒரு இடத்தில் கேட்டுவிட்டேன். அப்புறம் அவர்களும் கூப்பிடவில்லை, நானும் போகவில்லை. உருளையைத் தூக்கிக்கொண்டு அம்மா பின்னால் வந்துவிட்டேன். "டிகிரி, அந்த வாளியை எடு" என்று மாமா கூப்பிடும்போதெல்லாம் அந்த வாளியை எடுத்து என்ன செய்யலாம் என்று எனக்கு நிறைய யோசனை வரும்.

காலையில் அளவு எடுத்தோம். அம்மா உருளையின் கோலைக் கழற்றினாள். நாலடிக் கோல். குனிந்து, சுவரின் அடியோடு ஒட்டி வைத்து, முனையில் விரலை ஊன்றி, கோலை நகர்த்தி, மறுபடி விரலை ஊன்றி, அப்படியே ஜன்னல் வரைக்கும் போனாள்.

"ஏழரைக் கோல்" என்றாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு.

"முதல் வேலையே ஏழரையா? வாயை வேற வெச்சுட்டே" என்று சிரித்தேன். என் பையில் லேசர் மீட்டர் இருந்தது. ஆசைப்பட்டு வாங்கினது. கதவு ஓரத்தில் வைத்து அமுக்கினேன். சிவப்புப் புள்ளி ஜன்னல் ஓரத்தில் போய் விழுந்தது. இருபத்துநாலு அடி.

"ஆறு கோல்மா. நீ குனிஞ்சு குனிஞ்சு எங்கயோ தப்பு விட்டுட்டே."

"ஏழரை வந்துச்சே."

"மெஷின் பொய் சொல்லுமா? இருபத்துநாலு பத்து இருநூத்திநாப்பது. ஒரு குவளைக்கு இருபது சதுர அடி. பன்னெண்டு குவளை. கைக்காவலுக்கு ஒண்ணு. பதிமூணு."

"பதினாறு கலக்கிடுவோம்டி. மிஞ்சினா மிஞ்சட்டும்."

"மிஞ்சினா கீழேதானே கொட்டணும்? சொந்தமா எடுத்த முதல் வேலைல கண்ணளவு கையளவுன்னு நிக்காதேம்மா. அளவுன்னா அளவு."

அம்மா கோலைப் பார்த்தாள். என் கையில் இருந்த மெஷினைப் பார்த்தாள். "சரி, படிச்சவ சொல்றே" என்றாள்.

அந்த மூன்று வார்த்தையில் இருந்த பெருமையை நான் கேட்டேன். நன்றாகவே கேட்டேன். அதனால்தான் வேறு எதுவும் காதில் விழவில்லை.

கலக்கினோம். குவளைக்கு முக்கால் கிளேஸ், கால் தண்ணீர். பச்சை ஸ்டெய்னர் நாலு சொட்டு, காவி இரண்டு, கறுப்பு ஒன்று. சீக்கிரம் காயாமல் இருக்க விடுகிற மருந்து கடைசியில். நான் சொட்டுகளை எண்ணி நோட்டில் எழுதினேன். பதிமூன்றாவது குவளை விழுந்த பிறகு அம்மா குச்சியால் தொட்டு ஒரு பலகையில் இழுத்தாள், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், இன்னும் இரண்டு சொட்டுக் கறுப்பு விட்டாள். "எதுக்கு?" என்றேன். "பச்சை கத்துது" என்றாள். அதையும் எழுதினேன். கறுப்பு, கூடுதல் இரண்டு, காரணம்: பச்சை கத்துகிறது. என் பேராசிரியர் பார்த்தால் அழுதிருப்பார்.

மதியம் மாமா வந்தார். சக்கரம் வைத்த மேடை அவருடையது. அம்மா அதைக் கேட்டு வாங்கியிருந்தாள். மேடையோடு அவரும் வருவார் என்று என்னிடம் சொல்லவில்லை.

"என் தங்கச்சி மேல ஏறி நிப்பா, கீழே தள்ள ஒரு ஆள் வேணாமா?" என்றார். "டிகிரி தள்ளுமா? அதுக்குப் படிச்சிருக்கணுமே."

"தள்றதுக்கு உங்களை விட்டா யாரு மாமா? இருபத்திரண்டு வருஷமா எங்கம்மாவைத் தள்ளித் தள்ளித்தானே வெச்சிருக்கீங்க."

"வாய் மட்டும் கோபுரம்" என்று அவர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார். அம்மா துணிகளை நனைத்துப் பிழிந்துகொண்டிருந்தாள். எங்கள் இரண்டு பேரையும் கேட்காத மாதிரி இருப்பது அவளுடைய இன்னொரு கைத்தொழில்.

கொஞ்ச நேரம் கழித்து நான் கை கழுவிவிட்டு வரும்போது மாமா வாளிப் பக்கத்திலிருந்து எழுந்தார். கையில் ஒரு கண்ணாடிப் பாட்டில், உள்ளே பச்சையாக. அதைத் துணிப்பையில் போட்டுக்கொண்டார். நான் பார்த்தேன். ஏதோ கேட்க வாயெடுத்தேன். அம்மா "ஆரம்பிக்கலாம்" என்று சொல்லிவிட்டாள்.

ஜன்னலை மூடினோம். மின்விசிறியை நிறுத்தினோம். காற்று பட்டால் கரை காய்ந்துவிடும். ஐந்து நிமிஷத்தில் கூடம் இட்லிப் பானை ஆகிவிட்டது. நான் மேலிருந்து கீழே இரண்டடி அகலப் பட்டையாக உருட்டினேன். அம்மா மேடையில் ஏறி மேல்பாதியை ஒற்றி, இறங்கி கீழ்ப்பாதியை ஒற்றி, துணியைத் திருப்பி, காலால் மேடையைத் தட்டுவாள். மாமா தள்ளுவார். உருட்டு, ஒற்று, தட்டு, தள்ளு. நாக்கு நுனியை வெளியே நீட்டிக்கொண்டு வேலை செய்கிற அம்மாவை நான் பார்த்துக்கொண்டே உருட்டினேன். ஒரு கோல் முடிந்தது. இரண்டு. மூன்று. பச்சை எங்கேயும் கத்தவில்லை. சுவர் மெல்ல மெல்ல ஆழமாகிக்கொண்டே வந்தது.

ஐந்தாவது கோல் முடிகிற இடத்தில் உருளையை நனைக்க வாளியில் விட்டேன். அடிப்பாகம் உரசியது.

எட்டிப் பார்த்தேன். மூன்று குவளை இருந்தால் அதிகம். நிமிர்ந்து சுவரைப் பார்த்தேன். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பாக்கி, அடியில் அடித்த வெறும் சந்தன நிறத்தில், ஜன்னல் வரைக்கும்.

பயம் வந்த வேகத்திலேயே தலைக்கு ஏறிவிட்டது. எனக்கு எல்லாமே கோபமாகத்தான் ஏறும்.

"மாமா. வாளியிலேருந்து எவ்வளவு எடுத்தீங்க?"

அவர் மேடையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "என்ன?"

"கேக்குறேன்ல. பாட்டில்ல ஊத்திப் பையில போட்டதைப் பாத்தேன். பதிமூணு குவளை கலந்தேன். சுவர் பாக்கி நிக்குது, வாளி காலி. எங்க போச்சு?"

"ஏய், யாரைப் பாத்து..."

"உங்களைத்தான். இந்தச் சுவர் கெட்டா யாருக்கு லாபம்? நாளைக்கு டாக்டரம்மா யாரைக் கூப்பிடுவாங்க? திருட வந்தவருக்கு மேடை வேற ஒரு சாக்கு."

"கை நிக்குது" என்றாள் அம்மா.

மேடை மேலிருந்து, திரும்பாமல். துணி சுவரில் ஒற்றிக்கொண்டே இருந்தது.

"அம்மா, இவரு..."

"கரை காயுது. திட்டணும்னா திட்டிக்கிட்டே உருட்டு."

உருட்டினேன். திட்டிக்கொண்டே உருட்டினேன். இருபத்திரண்டு வருஷத்தை மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே உருட்டினேன். அம்மாவின் முழங்காலைச் சொன்னேன். போன மழையில் அவள் காய்ச்சலோடு கூரை ஏறினதைச் சொன்னேன். "நம்ம வேலை சார்" என்று அவர் சொல்வதை அவர் குரலிலேயே சொல்லிக் காட்டினேன். குரல் நன்றாக வந்தது.

மாமா மேடையிலிருந்து கையை எடுத்துவிட்டார். இரண்டு அடி பின்னால் போய் நின்று கையைக் கட்டிக்கொண்டார். முகம் கறுத்திருந்தது.

"அந்தப் பாட்டில்ல இருக்கிறது உங்கம்மா குடுத்தது" என்றார். "நீ கை கழுவப் போனப்போ. கேளு."

"ஆமா" என்றாள் அம்மா, ஒற்றிக்கொண்டே. "போன வாரம் மாதிரிப் பலகைக்குக் கலந்தேனே, அதோட மிச்சம். அண்ணனுக்கு ஒரு வீட்டுல அதே நிறம் கேக்குறாங்களாம். அவருக்குக் கலக்க வரலைன்னு கேட்டாரு. குடுத்தேன்."

"ஏன் குடுத்தே?"

"கேட்டாரு, குடுத்தேன். அதை அப்புறம் பேசு. வாளில எவ்வளவு இருக்கு?"

"ரெண்டரைக் குவளை."

"சுவர்?"

பார்த்தேன். இந்தத் தடவை கோபமில்லாமல் பார்த்தேன். கோல் என் கையிலேயே இருந்தது. மனசுக்குள் அதைச் சுவரில் படுக்க வைத்தேன். ஒன்று. இரண்டு. கொஞ்சம் மேலே.

"ரெண்டு கோலுக்கு மேல இருக்கு" என்றேன்.

அம்மா ஒரு நொடி துணியைச் சுவரிலேயே அழுத்திப் பிடித்திருந்தாள். "ஏழரை" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள்.

எனக்குப் புரிந்தது. புரிந்த இடம் தலை இல்லை, காது. காது சூடாகிவிட்டது. கதவு ஓரத்தில் மெஷினை வைத்தேன், ஜன்னல் ஓரத்தில் புள்ளி விழுந்தது. வெளிச்சம் வளையாது. அது கூடத்தின் காற்றை அளந்திருக்கிறது. நாணை அளந்துவிட்டு வில்லின் நீளம் என்று சொல்லியிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்புப் பாடம். வட்டம், வில், நாண். படம் போட்டுக் காட்டினார்களே. அதில் நூற்றுக்கு நூறு வாங்கின கழுதை நான். அம்மா கோலைச் சுவரோடு ஒட்டி, சுவர் போன வழியிலேயே போய் அளந்தாள். அவளிடம் நான் சொன்னது, நீ எங்கேயோ தப்பு விட்டுவிட்டாய்.

மாமா கூட அப்படித்தான் சொல்வார். "என் தங்கச்சிக்குக் கைதான் வரும், அளவு வராது."

"அம்மா, நான்தான்..."

"தெரியும். அதையும் அப்புறம் பேசு." அவள் மறுபடி ஒற்ற ஆரம்பித்தாள். "இப்போ இன்னொரு வாளி கலக்கணும். நாலு குவளை. நோட்டுல எழுதினியே, அதே கணக்கு. கலந்ததை இதுல ஊத்து. பழசு இருக்கிறப்பவே ஊத்தினாதான் நிறம் இடறாம நடந்து போகும். எத்தனை நிமிஷம் ஆகும்?"

"எட்டு. பத்து."

"எட்டு. உருளையை எங்கிட்ட குடு. நீ வர்ற வரைக்கும் நானே உருட்டி நானே ஒத்துறேன். கரையைக் காய விடமாட்டேன்."

அப்போதுதான் மாமா பேசினார். மெதுவாக, ரொம்ப நியாயமாக.

"ரெண்டு கையால மூணு வேலை ஆகாதும்மா. நான் உருட்டுறேன். மேடையையும் பாத்துக்கிறேன். மேல மூணு மாடியையும் முன்ன மாதிரியே சேர்ந்து பண்ணுவோம். டாக்டரம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். உனக்கு எதுக்கு இந்தத் தலைவலி?"

உருளை என் கையிலிருந்து அம்மா கைக்குப் போய்க்கொண்டிருந்தது. நடுவில் நின்றது. சரி என்று சொல்லியிருந்தால் நான் அவளைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. என் கணக்குத்தானே அவளை அந்த இடத்தில் கொண்டு வந்து நிறுத்தியிருந்தது.

"வேண்டாம்ணா" என்றாள் அம்மா. உருளையை வாங்கிக்கொண்டாள்.

நான் ஓடினேன். கிளேஸ் டின்னைத் திறக்க ஸ்க்ரூ டிரைவர் வழுக்கியது. விரல் கிழிந்தது. ரத்தம் வாளியில் விழாமல் சட்டையில் துடைத்துக்கொண்டேன். முக்கால் கிளேஸ், கால் தண்ணீர், நாலு முறை. பச்சை, நாலு நாலு பதினாறு. எண்ணிக்கொண்டே விட்டேன். பதினொன்றா பன்னிரண்டா என்று ஒரு கணம் சந்தேகம் வந்தது, பாட்டிலை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு விரலை மடக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு மூன்று சொட்டுக்கும் ஒரு விரல் மடக்குவது என் பழக்கம். நாலு விரல் மடங்கியிருந்தது. பன்னிரண்டு. இன்னும் நாலு. காவி எட்டு. கறுப்பு நாலு.

அப்புறம் அந்த வரி. கூடுதல் இரண்டு, பச்சை கத்துகிறது.

பதிமூன்று குவளைக்கு இரண்டு சொட்டு. நாலு குவளைக்கு அரைச் சொட்டும் கொஞ்சமும். அரைச் சொட்டு எப்படி விடுவது என்று எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. முழுச் சொட்டு விட்டால் அழுக்காகிவிடும், விடாவிட்டால் கத்தும். பலகை ஓரத்தில் ஒரு சொட்டுக் கறுப்பை விட்டேன். குச்சி நுனியை அதன் நடுவில் வைத்து இரண்டாகப் பிரித்தேன். பெரிய பாதியைக் குச்சியில் தொட்டு வாளியில் கலக்கினேன்.

நிமிர்ந்து பார்த்தேன். அம்மா இடது கையால் உருளையை இழுத்தாள். கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வலது கையால் ஒற்றினாள். மேடையிலிருந்து இறங்கினாள், கீழே ஒற்றினாள், தானே மேடையைத் தள்ளினாள், மறுபடி ஏறினாள். ஏறும்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஏறினாள். பட்டை இரண்டடியிலிருந்து ஒரு அடியாகச் சுருங்கியிருந்தது. கரை நகர்ந்துகொண்டே இருந்தது, அவ்வளவுதான். நகரும் வரைக்கும் காயாது.

மேடையின் சக்கரத்துக்குப் பூட்டு சரியில்லை. அவள் மேலே எட்டி ஒற்றும்போது அது மெல்ல நழுவ ஆரம்பித்தது. நான் கத்த வாயைத் திறந்தேன். மாமா கட்டின கையைப் பிரிக்காமல் ஒரு காலை மட்டும் நீட்டிச் சக்கரத்தின் முன்னால் வைத்தார். மேடை நின்றது. பாசமா, பழக்கமா, தெரியாது. அம்மா கவனித்தாளா என்பதும் தெரியாது.

"மருந்து விட்டியா?" என்று அம்மா கேட்டாள்.

விடவில்லை. விட்டேன். கலக்கினேன். பழைய வாளியில் அடியில் கிடந்ததோடு புதியதை ஊற்றி, மேலும் கீழும் புரட்டினேன். பலகையில் பழைய இழுப்புக்குப் பக்கத்தில் ஒரு இழுப்பு இழுத்தேன். ஈரத்தில் எல்லாம் ஒன்றாகத்தான் தெரியும், காய்ந்தால்தான் குட்டு வெளிப்படும். காத்திருக்க நேரமில்லை.

"கொண்டா" என்றாள் அம்மா.

மீதி இரண்டு கோலை எப்படி முடித்தோம் என்று எனக்குக் கோர்வையாக ஞாபகம் இல்லை. நான் உருட்டிக்கொண்டே மேடையையும் இடுப்பால் தள்ளினேன். ஜன்னல் சட்டத்தின் ஓரத்தில் அம்மாவின் துணி கடைசியாக ஒற்றி எடுத்தபோது மணி நாலாக ஏழு நிமிஷம் இருந்தது. அம்மா மேடையிலேயே உட்கார்ந்துவிட்டாள். உள்ளங்கை ஊறி வெளுத்திருந்தது. நான் ஜன்னலைத் திறந்தேன். காற்று வந்தது. மூன்று பேரும் சுவரின் ஒரே இடத்தைத்தான் பார்த்தோம், ஐந்தரைக் கோல் முடிகிற இடம்.

டாக்டரம்மா சொன்ன நேரத்துக்கு வந்தார். கைப்பையைக் கீழே வைக்காமல் கதவிலிருந்து ஜன்னல் வரைக்கும் நடந்தார். திரும்பி நடந்தார். நாள் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் பல்லின் நிறம் பார்க்கிற பெண்மணி. ஐந்தரைக் கோலில் நின்றார்.

"இங்கேருந்து ஜன்னல் பக்கம் கொஞ்சம் வேற மாதிரி இருக்கே?"

மாமாவுக்கு இந்த இடம் அத்துப்படி. ஒரு அடி முன்னால் வந்தார். குரலில் வருத்தம், முகத்தில் பணிவு.

"என் தங்கச்சிதான் மேடம். கை பிரமாதமா வரும். அளவுதான் வராது. நடுவுல கிளேஸ் பத்தாமப் போய் வேற வாளி கலக்க வேண்டியதாப் போச்சு. அளவு சொல்ல மேல ஒரு ஆள் இருந்தா..."

அம்மா தலையைக் குனிந்து துணியை மடித்தாள். அவள் சொல்ல மாட்டாள். என் பெண் தப்பாக அளந்தாள் என்று என் அம்மா யாரிடமும் சொல்ல மாட்டாள். அதை நம்பி நான் சும்மா இருக்கலாம். அப்படிச் சும்மா இருந்தால், மாமாவுக்குப் பக்கத்தில் நானும் நின்று "நம்ம வேலை" என்று சொன்ன மாதிரி.

"அளவு எங்கம்மா சரியாத்தான் சொன்னாங்க" என்றேன். "ஏழரைக் கோல், முப்பது அடி. பதினாறு குவளை வேணும்னாங்க. நான்தான் மெஷினை வெச்சு நேரா அளந்துட்டு இருபத்துநாலுன்னு சண்டை போட்டேன். வளைஞ்ச சுவரை நேரா அளந்தேன். கணக்குல பட்டம் வாங்கியிருக்கேன், அதனால எங்கம்மா நம்பிட்டாங்க. தப்பு என்னோடது."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். பிறகு வளைவைப் பார்த்தார். அவர் உதடு ஒரு பக்கம் மட்டும் கோணியது. சிரிப்பை அடக்குகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது.

"காஞ்சா இந்த வித்தியாசம் போகுமா?" என்று அம்மாவிடம் கேட்டார்.

"அந்தப் பக்கம் இன்னும் ஈரம். காலையிலதான் சொல்ல முடியும்" என்றாள் அம்மா. "போகும்னு நினைக்கிறேன். போகலைன்னா முழுச் சுவரையும் மறுபடி பண்ணித் தரேன். பாதியை மட்டும் திருத்த முடியாது."

"மேல மூணு மாடிக்கும் யாரு அளக்கிறது?"

அம்மா என்னைப் பார்க்கவில்லை. மாமாவைப் பார்க்கவில்லை. கையிலிருந்த துணியைப் பார்த்தாள். அதை வாளி ஓரத்தில் போட்டாள்.

"நான்தான்" என்றாள்.

"சரி, இப்பவே அளந்துட்டுப் போங்க. காலையில இந்தச் சுவரைப் பாத்துட்டு மீதியை உங்ககிட்டயே பேசுறேன்." டாக்டரம்மா படியைக் காட்டினார். மாமா பக்கம் திரும்பி, "நீங்க?" என்றார்.

மாமா வாயைத் திறந்தார். இருபத்திரண்டு வருஷத்தில் யாரும் அவரை அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது.

"மேடை என்னுது" என்றார் கடைசியில்.

டாக்டரம்மா போன பிறகு அவர் மேடையை மடக்க ஆரம்பித்தார். ஒரு கொக்கி சிக்கிக்கொண்டது. நான் போய் மறுபக்கம் பிடித்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை அவர்.

"மாமா."

"ம்."

"திருடினீங்கன்னு சொன்னது தப்பு."

கொக்கி விட்டது.

"மத்ததெல்லாம் சரிதான்" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "நீ டிகிரி வாங்கினதே வாய்க்குத்தான்" என்றார். மேடையைத் தள்ளிக்கொண்டு வாசல் வரைக்கும் போனார். துணிப்பையில் பாட்டில் எதிலோ இடித்து ஓசைப்பட்டது. வாசலில் நின்று, திரும்பாமல், "நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் எனக்கு இது தேவைப்படாது. ஓரமா நிக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மேடையை அங்கேயே விட்டுவிட்டுப் போனார்.

அம்மா உருளையிலிருந்து கோலைக் கழற்றிக் கழுவி வைத்திருந்தாள். படியேறினாள். நான் நோட்டோடு பின்னால் போனேன். முதல் மாடிக் கூடம் காலியாக, புழுதியாக இருந்தது. அவள் கேட்பதற்கு முன்னால் கோலை வாங்கி மூலையில் சுவரோடு ஒட்டி வைத்துக் குனிந்தேன். முனையில் விரலை ஊன்றினேன். ஒன்று என்று சொன்னேன்.

அம்மா கொஞ்ச நேரம் நின்று வேடிக்கை பார்த்தாள். பிறகு படிக்கட்டின் மேல்படியில் உட்கார்ந்து முழங்காலை நீவிக்கொண்டாள்.

"இது நேர்ச் சுவர்தானேடி" என்றாள். "அந்தச் சிவப்பு விளக்கை எடேன். எனக்குப் பசிக்குது."